ஊற வச்ச லென்ஸ்

அந்த வீடியோவ கோர்ட்ல போட்டாங்க பாருங்க, அதோட எல்லாம் போச்சுண்ணே. கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் ஒண்ணு கண்டுபிடிச்சதுக்கு எங்கக்கா விருது வாங்குற வீடியோ. மைக்கக் கையில குடுத்ததும், இதுல என்ன பெருசா இருக்கு, யாரா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாங்கன்னு சொல்றா. எதிர்த்தரப்பு வக்கீல் லபக்குன்னு பிடிச்சுக்கிட்டாரு. கண்டுபிடிச்சவங்களே யாரு வேணா செய்யலாம்னு சொல்றாங்க, அப்புறம் எதுக்குக் காப்புரிமை, ரத்து பண்ணுங்கங்கறாரு. உங்களுக்கு இப்படி ஆயிருக்கா? நாலு பேர் முன்னாடி அடக்கமாப் பேசப்போய்... இல்லையா. நிலத் தகராறா. தேவலாம். நிலத்தப் பாத்து, இது யாருக்கு வேணா தோணியிருக்கும்னு எவனும் சொல்ல முடியாதுல்ல.

நான் ஏன் வெளிய உக்காந்திருக்கேனா? உள்ள வாய விட்டுட்டேன்.

கண்ணுல புரை எடுத்துட்டு உள்ள ஒரு லென்ஸ் வைப்பாங்கல்ல. சில பேருக்கு அதுமேல செல்லுங்க வந்து ஒட்டி, தொட்டியில பாசி பிடிச்ச மாதிரி மங்கிடும். ஒட்டாம இருக்க ஒரு பூச்சு இருக்கு. அது எல்லார்கிட்டயும் இருக்கு. ஆனா லென்ஸ் கண்ணுக்குள்ள போனதும் ஈரத்துல உப்பும், பூச்சு விரிசல் விட்டுடும். அக்கா என்ன பண்ணா, முதல்லயே ஊற வச்சு, உப்ப விட்டு, அதுக்கப்புறம் பூசினா.

இவ்வளவுதானாவா? பாத்தீங்களா, நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்க. விடை தெரிஞ்சப்புறம் எந்த விடுகதையும் சப்புன்னுதான் இருக்கும்.

எதிர்த்தரப்புல ஒரு நிபுணரக் கூட்டிட்டு வந்திருக்காங்க. கோட்டு என்ன, கனைப்பு என்ன. எட்டு வருஷம் இதே பூச்சோட மல்லுக்கட்டினவரு. காஞ்ச லென்ஸ்லயே பூசிப் பூசிப் பாத்துட்டு, இது நிக்கவே நிக்காது, விட்டுடுங்கன்னு கட்டுரை எழுதி ஊருக்கே புத்தி சொன்னவரு. அவரு இன்னைக்குக் கூண்டுல ஏறி, இது முதல் வருஷ மாணவனுக்கே தோணுமேங்கறாரு. அப்ப நீங்க எந்த வருஷம் சார்னு கேட்டுட்டேன். மனசுக்குள்ளதான் கேக்க நினைச்சேன், சத்தமா வந்துடுச்சு. வாசல்ல நிக்கிற ஆளு தோளப் பிடிச்சு வெளிய விட்டுட்டாரு.

தோத்தா என்னவா? கேஸ் போட்டிருக்கிற பெரிய கம்பெனிக்காரன் நாளைக்கே இதச் செஞ்சு குவிப்பான். அக்காகிட்ட இருக்கறது ரெண்டு ரூமு, ஒரு மெஷினு. பூட்டிச் சாவியத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இப்ப அவதான் கூண்டுல நிக்கிறா. ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டுட்டே இருப்பாங்க, வாயத் தெறக்க மாட்டா. உண்மையச் சொல்லிடும்மான்னு எங்க வக்கீல் நேத்தே கெஞ்சினாரு. அவனக் கோர்ட்ல நிறுத்தி வேடிக்கை காட்ட மாட்டேன்னுட்டா.

யாரயா? என்னத்தான். வீடியோல பேசறதுக்கு முன்னாடி குனிஞ்சு முன்வரிசையப் பாப்பா, ஒருத்தரும் கவனிக்கல. அங்க நான் உக்காந்து அழுதுட்டிருந்தேன், இடது கண்ணுல கட்டோட. என்னப் பாத்துத்தான் அப்படிச் சொன்னா. சின்ன வயசுல பந்து பட்ட கண்ணு. ரெண்டு லென்ஸ் வச்சு ரெண்டும் மங்கிப்போச்சு. அவ ஊற வச்சுப் பூசின முதல் லென்ஸ் இதுலதான் இருக்கு. இருங்க, வலது கண்ண மூடிக்கறேன். உங்க சட்டையில மூணாவது பட்டன் மட்டும் வேற நிறம். சரியா?

கதவு தெறக்குது, நான் உள்ள போறேண்ணே. மறுபடி தள்ளினா தள்ளட்டும், இந்தக் கண்ணக் காட்டிட்டுத்தான் வருவேன்.

முதல் வருஷ மாணவனுக்கே தோணுமாம். எட்டு வருஷம் தோணலையே அவருக்கு. தம்பி கிடையாது போல.