ஒருசந்தி கெடுத்த ஆய்வு

கேசரிக்கு ரவையை நெய்யில் வறுக்கும்போது பொறுமை வேண்டும். அவசரப்பட்டால் கட்டி தட்டிவிடும். என் கேசரி ஒருநாளும் கட்டி தட்டியதில்லை. ராயபுரத்தில் நான் வேலை பார்த்த தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது போய்க் கேட்டால் சொல்வார்களா என்பது வேறு விஷயம்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரும்படி விசாரணைக் குழுவில் கேட்டீர்கள். எனக்கு அதில் ஒரு தயக்கமும் இல்லை. என் பெயர் ஹெப்சிபா. ஊட்டச்சத்துப் படிப்பு படித்தவள். டாக்டர் பகலவனின் சர்க்கரைப் பொடி ஆய்வில் வீடு வீடாகப் போகிற வேலை என்னுடையது. பொடியைக் கொடுப்பது, ஒழுங்காகக் குடிக்கிறார்களா என்று பார்ப்பது, ரத்தம் எடுக்கிற நாளில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருவது, இவ்வளவுதான்.

உங்களுக்கு ஆய்வைப் பற்றித் தெரியும். ஆனாலும் இதைப் பிற்பாடு வேறு யாராவது படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயாளிகள் எப்போதும் போடும் மாத்திரையைப் போட்டுக்கொண்டே, வெந்தயமும் நாவல்கொட்டையும் சேர்ந்த ஒரு பொடியைக் காலையும் மாலையும் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் சர்க்கரை இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பகுதிக்கு உண்மையான பொடி. இன்னொரு பகுதிக்கு அதே நிறத்தில், அதே கசப்பில், வெறும் மாவு. ஒரே தெருவில் இரண்டையும் கொடுத்தால் நம் ஆட்கள் கருவேப்பிலை கைமாற்றுவதுபோல் பாக்கெட்டையும் கைமாற்றிக்கொள்வார்கள். அதனால் கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைன் ஓரமாக ஒரு தெரு, ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தெரு என்று பிரித்தார்கள். எந்தத் தெருவுக்கு எது என்று யாருக்கும் தெரியக்கூடாது. டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த விவரம் ஒட்டிய உறையில் இருந்தது.

ஆனால் எனக்கு மூக்கு என்று ஒன்று இருந்தது. வெந்தயத்தைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களின் வியர்வையில் அந்த வாடை ஏறிவிடும். கொஞ்ச நாளில் கொருக்குப்பேட்டைத் தெருவில் கதவைத் திறந்தாலே வெந்தயம் அடித்தது. ராயபுரத்தில் வழக்கம்போல மீனும் மெழுகுவத்தியும்தான். ஆக, ராயபுரத்துக்கு மாவு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ரகசியம் காப்பது ஆய்வின் விதி.

முதல் ரத்தப் பரிசோதனை பொங்கல் முடிந்த கையோடு நடந்தது. அடுத்ததை ஈஸ்டர் முடிந்த வாரத்திலும், கடைசியை வெயில் காலம் முடிந்த பிறகும் வைத்திருந்தார்கள். உறையைத் திறப்பது அதற்கப்புறம்தான். தேதி குறித்தவர்கள் காலண்டரில் அரசு விடுமுறையை மட்டும் பார்த்திருக்கிறார்கள். ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் தவக்காலம் இருக்கிறதே, அது ராயபுரத்தில் என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை. சாம்பல் புதனிலிருந்து அந்தத் தெருவில் கறி இல்லை, இனிப்பு இல்லை. வெள்ளிக்கிழமை ஒருசந்தி, அதாவது ஒரு வேளைதான் சாப்பாடு. சாயங்காலம் சிலுவைப்பாதைக்குக் கோயிலைச் சுற்றி நடை. நானும் கிறிஸ்தவச்சிதான். எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

ரிசல்ட் வந்தது. கொருக்குப்பேட்டையில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. ராயபுரத்தில் நன்றாகவே இறங்கியிருந்தது.

டாக்டர் பகலவன் இரண்டு தாள்களையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தார். "பாத்தியா ஹெப்சிபா? ராயபுரத்துலதான் நம்ம பொடி இருக்கு. பட்டையக் கிளப்புது" என்றார். நானும் சிரித்து வைத்தேன். அவருடைய சம்பாத்தியம், இளமை, வீட்டில் கேட்ட வசவு எல்லாம் அந்தப் பொடியில் கரைந்திருந்தது. உறையைத் திறக்கிற அன்று, மாவு ஜெயித்தது, பொடி தோற்றது என்று அவர் அத்தனை பேர் முன்னால் வாசிக்க வேண்டியிருக்கும். எனக்கு அழுகையே வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. பொடி வேலை செய்யாமல் இல்லை. சாமி கும்பிடுகிறவர்கள் குறுக்கே புகுந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. பொடி ஜெயித்தால் அடுத்த ஆய்வு எண்ணூர், திருவொற்றியூர் முழுவதும் நடக்கும். அதற்கு நான்தான் மேற்பார்வையாளர் என்று பேச்சு இருந்தது. ஸ்கூட்டர் தருவதாகவும் சொன்னார்கள். ஆனால் அதற்காக நான் எதையும் செய்யவில்லை.

முதலில் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது என்றுதான் நினைத்தேன். தவக்காலம் முடிந்தால் பிரியாணியும் கேக்கும் தானாக வரும், சர்க்கரையும் தானாக ஏறும். வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் சிலுவையம்மாள் கெடுத்தார்.

சிலுவையம்மாள் காசிமேட்டில் மீன் விற்பவர். கட்டையான உடம்பு, கணீர்க் குரல். தெருவில் கல்யாணமோ கருமாதியோ அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் வலது காலில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண் வெகுநாளாக ஆறாமல் இருந்தது. ஈஸ்டர் முடிந்து நான் போனபோது வாசலில் உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டினார்.

"இன்னா ஹெப்சி, பாஸ்கா முட்ஞ்சிட்ச்சே, ஆயா பிரியாணி துன்னுதான்னு பாக்க வந்தியா? துன்ல கண்ணு. இந்தப் புண்ணு ஆர்ற வரிக்கும் இனிப்பு தொட மாட்டேன்னு மாதாவண்ட நேந்துகினேன். பாரு, எப்டி ஆறிகினு வருதுன்னு."

பார்த்தேன். ஓரமெல்லாம் சிவந்து புதுத் தோல் வந்திருந்தது. நல்ல புண்.

"நான் மட்டும் இல்ல, தெருவுல கீற அத்தினி பொம்பளைங்களும் என்கூட சேந்துகினாளுங்கோ. உன் பொடிக்கும் புண்ணியம், மாதாவுக்கும் புண்ணியம்" என்றார்.

அவர் குடித்தது மாவு. அதை நான் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தேன். ஆய்வு என்றால் பொடியைத் தவிர வேறெதுவும் உள்ளே வரக்கூடாது. தவசு உள்ளே வந்துவிட்டது. அதை வெளியே எடுப்பதுதான் நியாயம். ராயபுரத்தை அது வழக்கமாக இருக்கிற நிலைமைக்குத் திருப்பி வைத்தால் போதும். நான் புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மறுநாள் கேசரி செய்து ஒரு டப்பாவில் கொண்டு போனேன். முதலில் சிலுவையம்மாள் வீட்டுக்குத்தான். அவர் தொட்டால் தெருவே தொடும்.

"எனுக்கு வாணாம்மா, நேந்துகினுகீறேன்னு சொன்னேன்ல" என்று கையை ஆட்டினார்.

"இன்னிக்கு எங்கம்மாவோட நினைவு நாள்மா. அவங்களுக்குக் கேசரின்னா உசிரு. உங்களப் பாத்தா அவங்க ஞாபகம்தான் வருது. ஒரே ஒரு வாய் போதும்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. அந்தத் தெருவில் செத்தவர் பேரைச் சொல்லிக் கொடுக்கும் சாப்பாட்டை யாரும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் போன ஆத்மா பசியோடு திரும்பும் என்று ஒரு எண்ணம். "இப்டி சொன்னா நான் எப்டி கண்ணு வாணான்றது? மாதா கோச்சிக்க மாட்டா இல்ல?" என்றார்.

"மாதாவும் ஒரு அம்மாதானே" என்றேன்.

சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். என் தலையைத் தடவிக் கொடுத்தார். என் அம்மா அப்போது உயிரோடுதான் இருந்தார். இப்போதும் தண்டையார்பேட்டையில் என்னோடுதான் இருக்கிறார். அவருக்கும் சர்க்கரை உண்டு. அந்தக் கேசரியை நான் அவர் கண்ணில்கூடக் காட்டவில்லை.

ஒருமுறை முறிந்த நேர்ச்சையை யாரும் ஒட்ட வைப்பதில்லை. அதற்கப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. ஒருநாள் பாதுஷா, ஒருநாள் ரவா லட்டு, மாம்பழம் வந்ததும் மாம்பழம். பொடி கொடுக்கப் போகும்போதெல்லாம் கையில் ஏதாவது இருக்கும். "எங்கூட்டு மருமவ கூட இப்டி பாத்துக்க மாட்டா" என்று சொன்ன வீடுகள் உண்டு. கொருக்குப்பேட்டைக்கு நான் எதுவும் கொண்டு போனதில்லை. அங்கே என்னைக் கொஞ்சம் விறைப்பானவள் என்று நினைத்தார்கள்.

சித்திரை வெயிலில் மீன் கூடையோடு நின்றுகொண்டிருந்த சிலுவையம்மாளுக்கு ஒருநாள் தலை சுற்றியது. வெயிலில் நின்றால் யாருக்கும் சுற்றும். நான் அதை லோ சுகர் என்றேன். சர்க்கரை ஏறினால் மெதுவாகக் கொல்லும், இறங்கினால் நின்ற இடத்தில் கொல்லும் என்றும் சொன்னேன். இது பொய் இல்லை, எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர் பயந்துபோய் முந்தானையில் வெல்லக்கட்டி முடிந்துவைத்துக்கொள்ள ஆரம்பித்தார். மாத்திரையையும் பாதியாக உடைத்துப் போடச் சொன்னேன். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டுக்கொண்டார்கள். ஆய்வு முடியும்வரை மாத்திரையை மாற்றக்கூடாது என்பது விதி என்று நேற்று உங்களில் ஒருவர் சொன்னார். தெரியும். ஆனால் நான் மாத்திரையை மாற்றவில்லை. அதே மாத்திரைதான். அளவுதான் பாதி.

புண் மறுபடி வாய் திறந்தது. பிறகு ஓரம் கறுத்தது. என் மூக்குக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது.

அப்போது கடைசி ரத்தப் பரிசோதனைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் உடனே சேர்த்துக்கொண்டு இன்சுலின் போடுவார்கள், சர்க்கரை இறங்கும். அது மட்டுமில்லை, சிலுவையம்மாள் காலைப் பார்த்துத் தெருவே பயந்துபோய் டாக்டரிடம் ஓடும். அத்தனை நாள் பட்ட பாடு வீணாகும். அதனால் நானே தினமும் போய்க் கட்டுப் போட்டேன். பஞ்சு, துணி, மருந்து எல்லாம் சுத்தமானவை. அருவருப்பு பார்க்காமல் செய்தேன். அந்த வேலையை எத்தனை பேர் செய்வார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர் மகன் சாவியோ காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். ஒரு மத்தியானம் வந்தவன் கட்டைப் பிரித்த காலைப் பார்த்து அதிர்ந்துபோனான்.

"இன்னாக்கா இது, கால் இப்டி கீது? இப்பவே ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போறேன்" என்றான்.

"நான் டாக்டர்கிட்ட பேசிட்டேன் தம்பி. ரத்தம் எடுக்கற நாள் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். எந்த டாக்டரிடமும் நான் பேசவில்லை.

அவன் தயங்கினான். சிலுவையம்மாள்தான் அவனை அடக்கினார். "ஹெப்சி பட்ச்ச பொண்ணு. அதுக்குத் தெரியாதது உனுக்குத் தெரிஞ்சிட்ச்சா? வண்டிக்கு நேரமாவுது, நீ போ நைனா" என்றார். அவன் போய்விட்டான். அன்றைக்கு அவன் நினைத்திருந்தால் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். இப்போது உங்களிடம் வந்து புகார் கொடுத்திருக்கிறவன் அதையும் சேர்த்துச் சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை.

ரத்தம் எடுத்த அன்று சிலுவையம்மாளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜுரத்தில் உடம்பு கொதித்தது. அப்போதும் கையை நீட்டிக் கொடுத்தார். எடுத்து முடித்ததும் நானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினேன். முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் பரவிவிட்டது என்றார்கள்.

அதே வாரத்தில் உறையைத் திறந்தார்கள். கொருக்குப்பேட்டைக்குப் பொடி, ராயபுரத்துக்கு மாவு. என் மூக்கு சொன்னது சரியாக இருந்தது. கொருக்குப்பேட்டையில் சர்க்கரை இறங்கியிருந்தது, ராயபுரத்தில் ஏறியிருந்தது. பொடி தெளிவாக ஜெயித்தது. டாக்டர் பகலவன் கண் கலங்கி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இனிப்பு பிடிக்காது.

நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆம், ராயபுரம் தெருவில் சர்க்கரை ஏற வேண்டும் என்று தெரிந்தே இனிப்பு கொடுத்தது நான்தான். மாத்திரையைக் குறைத்தது நான்தான். சிலுவையம்மாளின் கால் அழுகுவது தெரிந்தும் பரிசோதனை முடியும்வரை வீட்டில் வைத்திருந்ததும் நான்தான். அந்தத் தெருவில் இன்னொருவருக்குக் கண் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதுவும் என் கணக்கில்தான் வரும். இவற்றில் எதையும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தெருவுக்கு என்னைப்போல் பாசமாக யாரும் போனதில்லை.

குற்ற உணர்ச்சி இல்லையா என்றும் கேட்டீர்கள். அதற்குச் சிலுவையம்மாளைக் கடைசியாகப் பார்த்ததைச் சொல்வதுதான் சரி. வார்டில் கால் இருந்த இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உன் பொடிய ஒரு வேளகூட வுட்ல கண்ணு. என் வாயத்தான் கட்ல. நேந்துகினத நானே முறிச்சிட்டேன், மாதா கால எட்துகினா. நீ இம்மாம் பாடுபட்டு பாத்துகினே, உன் பேரயும் கெட்த்துட்டேன். என்ன மன்ச்சிரு கண்ணு" என்றார்.

குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. மறுநாள் காலையில் அவர் போய்விட்டார். மனதில் பாரத்தோடு போகக்கூடாதே என்று, நான் அவரை அப்போதே மன்னித்துவிட்டேன்.