ஐஸ் பெட்டிக்கு ஒரு சோப்பு டப்பா

கருவடிக்குப்பம் போகும் பஸ்ஸில் பதினோரு பேர் நின்றோம். உட்கார ஓர் இடமும் இல்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தம்பியிடம் கேட்டாள்: "டப்பா சின்னதா இருக்கணுமா, அம்மா உயிரோட இருக்கணுமா?"

அவன் கையில் ஒரு சோப்பு டப்பா. வைத்திக்குப்பத்தில் வீட்டு வாசலில் மீன் விற்கும் அம்மாவின் ஐஸ் பெட்டியில் குளிர் குறைந்தால் கத்துகிற கருவியை அதற்குள் செய்கிறானாம்.

"அஞ்சு வோல்ட்டுதான்க்கா வெளிய வருது. எறும்புகூட சாவாது."

"டிரான்ஸ்பார்மர் இல்லாத போர்டுடா அது. வீட்டுக் கரண்டு அப்படியே சென்சார் கம்பி வரைக்கும் வரும். கம்பி எங்க இருக்கும்?"

"ஐஸ்ல."

"அம்மா கை?"

அவன் டப்பாவைத் திறந்து உள்ளே இருந்த போர்டைப் பார்த்தான்.

"அதுக்குப் பதிலா செல்போன் சார்ஜர் போடு. அது வீட்டுக் கரண்டை உள்ளயே தடுத்துட்டு அஞ்சு வோல்ட்டை மட்டும்தான் வெளிய விடும்."

"இந்த டப்பாவுல அடங்காதுக்கா. பிளக்கைப் புடுங்கிட்டுக் கை வெக்கச் சொல்லிடறேன்."

"யாருகிட்ட? மிக்சியைப் பிளக்கைப் புடுங்காமலே கழுவுறவங்ககிட்டயா? டப்பாவை மாத்துடா. அம்மாவை மாத்த முடியாது."

அடுத்த நிறுத்தத்தில், போர்டைக் கடையில் கொடுத்துச் சார்ஜராக மாற்றி வருவதாகச் சொல்லி அவன் இறங்கினான். கீழே நின்று ஜன்னல் வழியாகக் கேட்டான்: "அம்மாவோட பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ. கழுவித்தான் வெச்சிருப்பாங்க."