வெள்ளிக்கிழமையின் பங்கு

(பாலாறு இரண்டாம் பிரிவுக் கால்பந்துக் கழகங்களின் ஆண்டுக் கூட்டத்தில் சத்தியநாதன் ஆற்றிய உரை. ஆம்பூர், 2003.)

மாலைத் தொழுகையை முடித்த கையோடு வந்து தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் ரஷீத் அஹமது அவர்களே! வெயிலிலும் புழுதியிலும் கழகங்களை விழாமல் காத்து நிற்கும் எட்டுக் கழகச் செயலாளர்களே! ஊதிய விசிலுக்கெல்லாம் ஊராரிடம் வசவு வாங்கிய நடுவர்களே! ஆடியவர்கள் அழுக்காக்கிய சட்டைகளை அலுக்காமல் துவைத்துத் தந்து, இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மாடிக்கு மாடி கம்பி இழுத்து, மைதானத்தை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்த கேபிள் சீனிவாசன் அவர்களே! உங்கள் எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

நான் வேலூரில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பந்தை உதைத்துப் பழகியவன் அல்லன். ஒளிபரப்புக்காக சீனிவாசன் தரும் தொலைக்காட்சிப் பணத்தைப் பங்கிட ஒரு வரைவு தயாரித்துக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டபோது, தகுதி இருக்கிறதா என்று யோசித்தேன். இப்போதும் யோசித்துக்கொண்டுதான் நிற்கிறேன். நடுவில் தடுமாறினாலும் நீங்கள் வழி தவறாமல் இருக்க, நான் சொல்லப்போகும் நான்கு கருத்துகளையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. இந்தப் பணம் எந்த ஒரு கழகத்துக்காகவும் வந்ததன்று. எட்டுக் கழகங்களும் சேர்ந்து ஆடுவதற்காக வந்தது.
2. ஆகவே அதில் பாதியை எட்டுக் கழகங்களுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும்.
3. மீதிப் பாதியைத் தரவரிசைப்படி பிரிக்கலாம்.
4. ஒரு பருவத்தில் இரண்டு முறை ஆட்டத்துக்கு வராத கழகத்துக்கு, சமப் பங்கு தரக் கூடாது.

நான்கும் சரி என்று நம்பித்தான் வந்திருக்கிறேன்.

இந்த வரைவு இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. அதில் ஒரு கழகத்தின் உயிர் இருக்கிறது. பேரணாம்பட்டு இளம்பிறைக் கழகத்தின் செயலாளர் அதாவுல்லா தலைவரிடம் நேராகவே சொல்லிவிட்டார்: பங்கு வந்தால் வேன் பிடிப்பார்கள், ஆட வருவார்கள். பங்கு வராவிட்டால் கழகத்தைக் கலைத்துவிடுவார்கள். பயமுறுத்துவதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர்களிடம் வேறு வருமானம் இல்லை, அவ்வளவுதான்.

முதல் கருத்துக்கு வருகிறேன்.

ஆம்பூர்க் கழகத்தின் செயலாளர் நண்பர் ரத்தினசாமி வேறு ஒரு வரைவு வைத்திருக்கிறார். யாருடைய ஆட்டம் அதிகமாகக் காட்டப்பட்டதோ அவர்களுக்கே அதிகப் பணம் என்கிறார். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கேமரா நிற்பது ஆம்பூர் மைதானத்தில். கேபிள் அறை இருப்பது அதற்கு எதிர்த் தெருவில். ஆகவே திரையில் அதிகம் தெரிவது ஆம்பூர்ப் பிள்ளைகள். போன வாரம் என் வீட்டுக்கே வந்து தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "சார், ஜனங்க டிவியைப் போடுறது எங்க பசங்க மூஞ்சியைப் பாக்கத்தான். மூஞ்சி எங்களுது, துட்டு ஊருக்கா?"

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆம்பூர்ப் பிள்ளைகள் பதினொருவரும் மைதானத்தின் ஒரு பாதியில் நிற்கட்டும். மறுபாதி காலியாக இருக்கட்டும். எத்தனை நிமிடம் பார்ப்பீர்கள்? தடுக்க ஆளில்லாத பந்தை அடித்தால் அதற்கு கோல் என்று பெயரா? தோற்க ஒருவர் வராத ஊரில் வெற்றி விழா எடுக்க முடியுமா? எதிரே நிற்பவனும் ஆட்டம்தான். அவன் முகம் திரையில் சிறிதாகத் தெரியலாம். அவன் இல்லாவிட்டால் திரையே இல்லை.

இதற்குச் சான்று சென்ற பருவத்தில் நம் கண்முன்னே நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூருக்கு எதிராக ஆட பேரணாம்பட்டுக் கழகம் வந்தது. வேனிலிருந்து இறங்கியவர்கள் ஏழு பேர். மற்ற நால்வரும் தோல் பதனிடும் டேனரியில் டிரம் அருகே நின்றுகொண்டிருந்தார்கள். தோலும் மருந்தும் போட்டுச் சுழலவிட்ட டிரம்மை நடுவில் விட்டுவிட்டு வர முடியாது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருக்கும் தோல் கெட்டால் அதற்கு யார் பதில் சொல்வது? ஏழு பேர் இருந்தால் ஆடலாம் என்பது விதி. நடுவர் கேட்டார். அதாவுல்லா, "ஆடுறோம்" என்று மட்டும் சொன்னார்.

பதினொருவருக்கு எதிராக ஏழு பேர். நான்கு கோல் வாங்கினார்கள். ஆனால் கோல்காப்பாளர் சுஹேல் அகமது தடுத்த பந்துகளை எண்ணியவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள். கடைசியில் ஆம்பூர் ரசிகர்களே அவன் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள்.

அதன் பிறகு நடந்ததை சீனிவாசன் அவர்களே என்னிடம் சொன்னார். இங்கேதான் இருக்கிறார், தவறானால் திருத்தட்டும். "சார், ஜெயிச்ச ஆட்டத்தை ஒரு தபா திருப்பிப் போட்டா போதும். இந்த ஏழு பேர் ஆட்டத்தை மூணு தபா போட்டேன். அப்பவும் போன் வருது, பேஜாராப் போச்சு."

சுஹேலின் தாயார் சைரா அவர்கள் முன்வரிசையில் இருக்கிறார். வாசலில் என்னிடம் அவர் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். "எம்புள்ள வாங்கினது நாலு கோல்தான் சார். இந்த கேபிள்காரரு மூணு தபா போட்டு பன்னெண்டு ஆக்கிட்டாரு."

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, அம்மா.

ஆக, அன்று மக்கள் யாரைப் பார்த்தார்கள்? வென்றவரையா, வந்தவரையா? இரண்டு பேரையும் சேர்த்துத்தான். முதல் கருத்து இத்துடன் முடிகிறது.

இரண்டாவது கருத்து முதலாவதிலிருந்தே வருகிறது. சீனிவாசன் இந்தப் பருவத்துக்குத் தருவது எண்பதாயிரம் ரூபாய். அதில் நாற்பதாயிரத்தை எட்டாகப் பிரித்தால் கழகத்துக்கு ஐயாயிரம். மூன்றாவது கருத்துப்படி மீதி நாற்பதாயிரம் தரவரிசைக்கு. வென்றவர்களுக்கு ஊக்கமும் வேண்டும் அல்லவா? ரத்தினசாமி தலையசைக்கிறார். அதற்குச் சம்மதம் என்று பொருளா, கழுத்து வலி என்று பொருளா என்பதை வாக்கெடுப்பில் பார்ப்போம்.

நான்காவது கருத்து. உண்மையைச் சொன்னால், நான் அதிகம் பெருமைப்பட்டது இதைப் பற்றித்தான். முப்பது ஆண்டுகளாக வருகைப்பதிவு எடுத்தவன் நான். வந்தவனுக்கும் வராதவனுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியுமா? எதிரே நிற்பவனும் ஆட்டம் என்றால், எதிரே வந்து நிற்காதவன் ஆட்டத்தைக் கெடுத்தவன் ஆகிறான் அல்லவா? முதல் கருத்தின் நேர் முடிவுதான் இது. சென்ற பருவத்தில் இரண்டு முறை வராத கழகம் ஒன்றுதான். அது பேரணாம்பட்டு. ஏழு பேரோடு வந்து அவர்கள் ஆடியதைப் புகழ்ந்த அதே வாயால், ஏழு பேர்கூடச் சேராமல் வராத இரண்டு ஞாயிறுகளையும் நான் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் கேமரா காலி மைதானத்தைக் காட்டியது. சீனிவாசனுக்கு நட்டம். எதிரணிக்கு ஏமாற்றம். ஆகவே அவர்களுடைய சமப் பங்கு...

என்ன, அதாவுல்லா? சொல்லுங்கள். இல்லை, இல்லை, உட்கார வேண்டாம். தலைவர் அனுமதிக்கிறார், சொல்லுங்கள்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. ஒலிபெருக்கி என் கையில் இருப்பதால் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "சார், வெள்ளிக்கெழம ஆட்டம்னா பதினோரு பேர் இன்னா, இருபது பேர் வர்றோம். ஞாயித்துக்கெழம வெச்சது நாங்களா? முன்ன நாள் சொல்றது யாரு சார்? வர்றவங்கதானே?"

அவர் கேட்டது எல்லோருக்கும் புரிய வேண்டும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பிரிவில் எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. விருந்தினராக வரும் கழகம்தான் ஆட்டத்தின் நாளைச் சொல்லும். பயணச் செலவும் களைப்பும் அவர்களுடையது, ஆகவே நாள் அவர்கள் விருப்பம். பேரணாம்பட்டுக்காரர்கள் வேலை செய்யும் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே எங்கே ஆட வந்தாலும் வெள்ளிக்கிழமைதான் சொல்வார்கள். அப்போது அவர்கள் ஓர் ஆட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. அரை நாள் விடுப்பு எடுத்து அவர்களோடு ஆடியவர்கள் நீங்கள்தான். கேமரா வந்தது, ஞாயிறு நான்கு மணி என்று ஆனது, அந்த வழக்கம் போயிற்று. ஏழு கழகங்களுக்கு ஞாயிறு விடுமுறை நாள். ஒரு கழகத்துக்கு மட்டும் டிரம் சுழலும் நாள்.

இது எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்ததை நான்காவது கருத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

சீனிவாசன் அவர்களே, ஒன்று கேட்கலாமா? ஆட்டம் வெள்ளிக்கிழமையே நடந்திருந்தால் எவ்வளவு தருவதாக முதலில் சொன்னீர்கள்?

நாற்பதாயிரம் என்கிறார். வெள்ளிக்கிழமை நேரடி ஒளிபரப்புக்குக் கடைக்காரர்கள் அரை விலைக்குத்தான் விளம்பரம் தருவார்களாம். ஞாயிறு என்றால் முழு விலை. அதனால் எண்பது.

மன்னிக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

பெரியோர்களே, தாய்மார்களே! நாம் சமமாகப் பிரிக்க இருக்கும் அந்த நாற்பதாயிரம் எங்கிருந்து வந்தது? வெள்ளியை விட்டு ஞாயிறுக்குப் போனதால் வந்தது. ஞாயிறுக்குப் போனதால் இழந்தது யார்? பேரணாம்பட்டு. அவர்கள் நாளைக் கொடுத்தார்கள், நாம் பணத்தைப் பெற்றோம். பெற்ற பணத்தில் அவர்களுக்கு மட்டும் பங்கில்லை என்று ஒரு கணக்கு ஆசிரியன் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான்! வராதவருக்கு ஏன் பங்கு என்று கேட்டேன். வரமுடியாத நாளை வைத்தது யார் என்று கேட்டேனா? காலி மைதானத்தைக் கண்டேன். காலியாக்கிய கைகளைக் கண்டேனா? பங்கை மறுத்தால் வேன் இல்லை. வேன் இல்லாவிட்டால் வரவு இல்லை. வரவு இல்லாவிட்டால் மறுபடியும் பங்கு இல்லை. இந்தச் சங்கிலியை நான்தான் கோத்திருக்கிறேன். ஒழுங்கு என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறேன்.

ரத்தினசாமி ஏதோ சொல்கிறார். "சார், எங்க பசங்க அரை நாள் லீவு எடுக்கறதுக்கு இன்னும் ரெடிதான். அதா பாய் டீமைக் கலைக்க வேணாம்னு சொல்லுங்க." நான் சொல்ல வேண்டியதில்லை, ரத்தினசாமி. அவர் கேட்டுவிட்டார்.

நாள் குறிக்கும் வழக்கத்தை மறுபடி கொண்டுவரலாமா, அதற்கு சீனிவாசன் எவ்வளவு இறங்கி வருவார் என்பதெல்லாம் பெரிய பேச்சு. அதை இன்றே முடிக்கும் திறமை எனக்கு இல்லை. என்னால் இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். தலைவர் அவர்களே, முதல் மூன்று கருத்துகளை மட்டும் வாக்கெடுப்புக்கு விடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எட்டுக் கழகத்துக்கும் ஐயாயிரம், பேரணாம்பட்டுக்கும் சேர்த்து.

நடுவில் எழுந்து நின்று கேட்ட அதாவுல்லாவுக்கும், உட்காரச் சொல்லாத தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும், என்னை நம்பி இந்தக் காரியத்தைக் கொடுத்த எட்டுக் கழகங்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

என் நான்காவது கருத்து தவறு.