ரெண்டு சென் வார்னிஷ்

தனலெட்சுமி: ...அதெல்லாம் சரி ஜலீல் அண்ணே. ஆனா பிரிக்பீல்ட்ஸ்ல முப்பத்தெட்டு சென்னுன்னு சொல்லிட்டாங்களே.

ஜலீல்: முப்பத்தெட்டா.

தனலெட்சுமி: முப்பத்தெட்டு. ஒரு பெட்டிக்கு. அச்சடிச்சு, வெட்டி, ஒட்டி.

ஜலீல்: யாரு... ஆனந்தா சொன்னாரு?

தனலெட்சுமி: ஆனந்த்னு நான் பேரே எடுக்கலையே.

ஜலீல்: பிரிக்பீல்ட்ஸ்ல பெட்டின்னா ஆனந்த்தான் லா. வேற யாரு இருக்கா... சும்மா கேட்டேன்.

நாஜியா: அத்தா, முப்பத்தெட்டுக்கு ஆனந்த் அண்ணன் எப்படிக் குடுப்பாரு? நம்மளே அவருக்கு...

ஜலீல்: நாஜியா, அக்காவுக்கு தே ஓ கொண்டா.

நாஜியா: டீயக் குடிச்சு முடிச்சிட்டாங்க. கப்பு அங்கதான் இருக்கு.

ஜலீல்: இன்னொண்ணு கொண்டா.

தனலெட்சுமி: வேணாம் பாப்பா, உக்காரு. நம்மளே அவருக்கு... என்ன?

நாஜியா: நம்மளே அவருக்கு... தீபாவளிக்கு ஹாம்பர் அனுப்புவோம் ஆன்டி.

தனலெட்சுமி: நல்ல மனசு.

ஜலீல்: அக்கா, நான் அம்பது சென் சொன்னேன்னா அதுல எல்லாம் இருக்கு. முன்னூறு கிராம் அட்டை இருக்கு, நாலு கலர் இருக்கு, பண்டமாரான்ல உங்க எடத்துக்குக் கொண்டாந்து எறக்குற லோரி இருக்கு.

தனலெட்சுமி: இங்க கிள்ளான்லருந்து பண்டமாரான் போக லோரி எதுக்கு? நானே வேன்ல அள்ளிட்டுப் போயிடுவேன்.

ஜலீல்: இருபதாயிரம் பெட்டிய வேன்லயா?

தனலெட்சுமி: தட்டையாத்தானே கட்டித் தருவீங்க. மேல எம்புருஷன உக்கார வச்சிட்டா ஒண்ணும் பறக்காது.

நாஜியா: ஆன்டி, எங்க கட்டு எப்படியும் பறக்காது. ஷ்ரிங்க் ராப் போட்டுத்தான் குடுப்போம்.

தனலெட்சுமி: அப்ப அவரு வீட்லயே இருக்கட்டும். ...அண்ணே, ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். எனக்கு இந்தத் தடவ தப்பு பண்ண எடமில்ல. சூப்பர்மார்க்கெட்டுல ஒரே ஒரு சான்ஸ் குடுத்திருக்காங்க. முப்பது கடை. போன வருஷம் பாதிச் சரக்கு திரும்பி வந்துச்சு. இந்த வருஷமும் வந்துச்சுன்னா என் முறுக்க ஷெல்ஃபுலருந்து எடுத்துட்டு ஈப்போக்காரி முறுக்க வச்சிருவான். எட்டுப் பொம்பளைங்க எங்கிட்ட மாவு பிசையுறாங்க. அவங்கள நான் எங்க அனுப்புறது?

ஜலீல்: முறுக்கு நல்லால்லன்னா திருப்பினாங்க?

தனலெட்சுமி: முறுக்கு நல்லால்லன்னு இந்தக் கிள்ளான்ல ஒருத்தன் சொல்லட்டும். பெட்டிண்ணே. கலரு ஒட்டிக்கிச்சு. எண்ணெக் கையோட தொட்டவங்க கையெல்லாம்...

ஜலீல்: ...என்ன கலரு?

தனலெட்சுமி: பச்சை.

ஜலீல்: ஓ.

தனலெட்சுமி: ஏன், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?

ஜலீல்: இல்ல... ஏர்கான் சரியா வேல செய்யல.

நாஜியா: பதினாறுல இருக்கு அத்தா.

ஜலீல்: அதான் சொல்றேன், ரொம்பக் குளிருது.

தனலெட்சுமி: குளிர்னா வேர்க்குமாண்ணே.

ஜலீல்: ஒரு நிமிஷம்கா, போன் அடிக்குது... ஹலோ... ஆமா... யாரு? பண்டமாரானா?... இல்லையே, நம்ம பக்கம் யாரும் வரலைங்க... அம்பதுன்னே சொல்லிட்டீங்களா... சரிங்க, அப்புறம் பேசறேங்க.

தனலெட்சுமி: யாருண்ணே?

ஜலீல்: வீட்டுக்காரி.

நாஜியா: அம்மா மாடியிலதானே இருக்காங்க.

ஜலீல்: மாடியிலருந்துதான் பண்ணா.

தனலெட்சுமி: பொண்டாட்டிகிட்ட வாங்க போங்கன்னா பேசுவீங்க?

ஜலீல்: முப்பது வருஷம் ஆச்சுக்கா. மரியாதை தானா வந்துருச்சு.

தனலெட்சுமி: எம்புருஷன ஒரு வாரம் இங்க விட்டுட்டுப் போறேன், கத்துக் குடுங்க. ...சரி, சாம்பிள் காட்டுங்க. அந்தக் கண்ணாடி அலமாரில இருக்குறது வேணாம். அது கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு மாதிரி, மேக்கப்போடதான் இருக்கும். போன வாரம் அடிச்சுக் கெட்டுப்போனது எதாச்சும் இருந்தாக் குடுங்க.

ஜலீல்: கெட்டுப்போனதையா கேக்குறீங்க?

தனலெட்சுமி: சுங்கை பூலோல யுவராஜ்னு ஒருத்தர்கிட்டயும் இதத்தான் கேட்டேன். நம்ம கிட்ட கெட்டதே கெடையாதுக்கான்னாரு. கெட்டதே இல்லன்னா மிஷினே இல்லன்னு அர்த்தம். எங்க அடுப்படில தெனம் ரெண்டு கிலோ முறுக்கு ஒடையுது.

நாஜியா: இந்தாங்க ஆன்டி. பின்னாடி ரெண்டு மூட்டை கெடக்கு. இது பிஸ்கட் பெட்டி, செவப்பு கொஞ்சம் தள்ளிப்போச்சு.

ஜலீல்: ஒரு மயிரிழைதான் தள்ளியிருக்கு.

தனலெட்சுமி: பாக்குறேன்ல... அட்டை நல்லாத்தான் இருக்கு. மடிச்சா வெடிக்கல. ...பையில முறுக்கு இருக்கு, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. எடுங்கண்ணே. சாப்பிட்டுட்டு அந்தக் கையாலயே இந்தப் பெட்டியத் தேய்ங்க.

ஜலீல்: நானா?

தனலெட்சுமி: உங்க பெட்டிதானே. கட்டை வெரலால. இன்னும் அழுத்தி... வெள்ளத் துணியில தொடைங்க.

நாஜியா: ஒட்டல ஆன்டி. மேல வார்னிஷ் இருக்குல்ல.

தனலெட்சுமி: அந்த வார்னிஷுக்கு எவ்ளோ?

நாஜியா: ஒரு பெட்டிக்கு ரெண்டு சென் வரும்.

தனலெட்சுமி: இருபதாயிரத்துக்கு நானூறு வெள்ளி. அத எடுத்துடுங்க.

ஜலீல்: எத?

தனலெட்சுமி: வார்னிஷ. பளபளப்பு எனக்கு எதுக்கு? பெட்டிய யாரு திங்கப் போறா? எடுத்துட்டு நாப்பத்தெட்டுன்னு போடுங்க, இப்பவே ஆர்டர் குடுத்துட்டு எந்திரிக்கிறேன்.

நாஜியா: இருபதாயிரம் அத்தா...

தனலெட்சுமி: ஆனந்துகிட்ட கேட்டேன், நோ பிராப்ளம்னாரு. யுவராஜு, நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டாரு.

ஜலீல்: இல்லக்கா.

தனலெட்சுமி: என்ன இல்ல?

ஜலீல்: வார்னிஷ் இல்லாம முறுக்குப் பெட்டி நான் அடிக்க மாட்டேன்.

நாஜியா: அத்தா, நம்மகிட்ட நேரா வந்த மொத ஆர்டர். எத்தன வருஷமா நேரா வரணும் நேரா வரணும்னு...

ஜலீல்: தெரியும்மா. போனாப் போகட்டும். அக்கா, முப்பத்தெட்டுக்கு ஆனந்த் குடுத்தா அவருகிட்டயே போங்க. நான் கோச்சிக்க மாட்டேன்.

தனலெட்சுமி: நானூறு வெள்ளிக்கு ஒம்பதாயிரத்துக்கு மேல வர்ற ஆர்டர விடுறீங்களே. என்ன வியாபாரம்ணே இது?

ஜலீல்: ஒரு கதை சொல்றேன், சிரிக்கக் கூடாது.

தனலெட்சுமி: அத நான் முடிவு பண்றேன்.

ஜலீல்: போன தீபாவளி மறுநாள் வெள்ளிக்கெழமை. பக்கத்து வீட்லருந்து ஒரு முறுக்குப் பெட்டி குடுத்தாங்க. நாலு தின்னேன். ஜும்மாவுக்கு நேரமாச்சுன்னு அவசரத்துல வெள்ளைத் தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிட்டேன். தொழுகை முடிஞ்சதும் பின்னாடி நின்னவரு மெதுவாக் கேக்குறாரு... என்ன பாய், கட்சி மாறிட்டீங்களா?

தனலெட்சுமி: பச்சையா?

ஜலீல்: அஞ்சு வெரலும் அப்படியே. பச்சைக் கொடிக் கட்சி போஸ்டர் ஒட்டின மாதிரி.

நாஜியா: அம்மா இன்னும் அந்தத் தொப்பிய வச்சிருக்காங்க. சண்ட வந்தா எடுத்துக் காட்டுவாங்க.

தனலெட்சுமி: முறுக்கு எப்படி இருந்துச்சு?

ஜலீல்: முறுக்கு... பொய் சொல்லக் கூடாது, நல்லாருந்துச்சு. அன்னிக்கி முடிவு பண்ணேன், எண்ணெப் பண்டம்னா வார்னிஷ் இல்லாம என் மிஷின் ஓடாதுன்னு.

தனலெட்சுமி: யாரோ அடிச்ச பெட்டிக்கு நீங்க ஏண்ணே முடிவு பண்ணீங்க?

ஜலீல்: அது... ஒரு பாடம்தானே.

தனலெட்சுமி: பாப்பா, அந்தப் பையில மூணு பெட்டி இருக்கு, எடு. பசை தாங்குமான்னு பாக்க, ஒட்டுன மடிப்ப நேத்து ராத்திரி வெந்நி ஆவில காட்டிப் பிரிச்சு வச்சிருக்கேன். இது ஆனந்த் குடுத்த சாம்பிள். இது யுவராஜு குடுத்தது. மூணாவது, போன வருஷம் ஆனந்த்கிட்ட நான் வாங்குன பெட்டி. பிரிச்ச மடிப்புக்கு உள்ள பாரு, என்ன தெரியுது?

நாஜியா: ஐயோ.

ஜலீல்: என்னம்மா அது?

நாஜியா: பூனை, அத்தா.

ஜலீல்: பூனையா?

தனலெட்சுமி: ரெண்டு காது, ஒரு வாலு. மூணு பெட்டியிலயும் ஒரே பூனை.

ஜலீல்: என் பெட்டிக்குள்ள யாரு பூனைய விட்டது?

நாஜியா: நான்தான். ஒட்டிட்டா யாருக்கும் தெரியாதுல்ல. எல்லாப் பெட்டியிலயும் ஆனந்த் அண்ணன், யுவராஜ் அண்ணன் பேருதான் இருக்கு, நம்ம பேரு எதுலயும் இல்ல... அதான் சின்னதா வரைஞ்சு வச்சேன்.

ஜலீல்: எத்தன வருஷமா?

நாஜியா: நாலு.

ஜலீல்: யா அல்லாஹ்.

தனலெட்சுமி: திட்டாதீங்க. பூனைய போட்டோ புடிச்சு போன்ல தேடுனேன். இன்ஸ்டாகிராம்ல இதையே ஸ்டிக்கரா போட்டு விக்கிறது நீதானே பாப்பா? அதுல இந்தக் கடை அட்ரஸ் இருந்துச்சு.

நாஜியா: அதப் போயி யாரு பாத்தா? இருபத்தேழு பேருதான் ஃபாலோ பண்றாங்க.

தனலெட்சுமி: இருபத்தெட்டு. நேத்து சேந்தது நான்.

ஜலீல்: அப்ப... முப்பத்தெட்டு?

தனலெட்சுமி: ஆனந்த் சொன்னது அம்பது. முப்பத்தெட்டு பொய்யின்னு உங்களுக்கு மொதல்லயே தெரியும். பொய்யின்னு சொன்னா அவரு பெட்டிய அடிக்கிறதே நீங்கதான்னு ஒத்துக்கணும். அதான் ஏர்கான்ல உக்காந்து வேர்த்தீங்க.

நாஜியா: அவருக்கு நாப்பத்து நாலுக்குத்தான் குடுக்குறோம் ஆன்டி.

ஜலீல்: நாஜியா, தே ஓ.

நாஜியா: இனிமே எதுக்கு அத்தா.

தனலெட்சுமி: அப்ப எனக்கும் நாப்பத்து நாலு.

ஜலீல்: உங்களுக்கு நேராக் குடுத்தேன்னு தெரிஞ்சா ஆனந்தும் வர மாட்டாரு, யுவராஜும் வர மாட்டாரு. நாப்பத்தாறு. வார்னிஷோட.

தனலெட்சுமி: லோரியோட?

ஜலீல்: லோரியோட. உங்க வீட்டுக்காரரு வீட்லயே இருக்கட்டும்.

தனலெட்சுமி: முடிஞ்சுது.

ஜலீல்: அக்கா... ஒண்ணு சொல்லணும். அந்தப் பச்சைப் பெட்டி நான் அடிச்சது. வார்னிஷ் வேணாம்னு ஆர்டர்ல எழுதியிருந்துச்சு. முறுக்குப் படம் போட்டிருக்கு, உள்ள என்ன வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். நம்ம வேல அடிக்கிறதுதானேன்னு அடிச்சுக் குடுத்துட்டேன்.

தனலெட்சுமி: எம்புருஷன் ஒரு வருஷமா ஆனந்தத் திட்டிட்டுத்தான் பல்லு வெளக்குறாரு. அந்த எட்டுப் பேரும் மாவு பிசையறப்ப அவரு பேரச் சொல்லித்தான் குத்துறாங்க.

ஜலீல்: திட்டணும் லா. அந்த ஆளு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணுமா இல்லையா, வார்னிஷ் வேணுமா வேணாமான்னு?

தனலெட்சுமி: கேட்டாருண்ணே... ரெண்டு சென் கொறையும்னா எடுத்துடுங்கன்னு நான்தான் சொன்னேன். வீட்ல யாருக்கும் தெரியாது. அந்த ஆர்டர் பேப்பரக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்... தீபாவளிக்குள்ள வார்னிஷ் வேணாம்னு சொல்ல நான் எத்தன தடவ போன் பண்ணாலும் எடுக்காதீங்க.