நின்று எரிந்த கணப்பு

ஏப்ரல் மாதத்திலும் எங்கள் ஊரில் கணப்பு இல்லாமல் உட்கார முடியாது என்றால் லண்டன் பக்கத்து ஆட்கள் நம்புவதில்லை. கடற்காற்று அப்படி. நீங்களும் இந்த வடகோடி நார்தம்பர்லாந்துக்காரர்தானே, இன்ஸ்பெக்டர். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அண்ணன் கட்பர்ட் வீட்டு முன்னறையில் இருந்தது கேஸ் கணப்பு. பழைய கரிக் கணப்பை எடுத்துவிட்டு, அதே புகைபோக்கிக்குக் கீழே பொருத்தியது. இடுப்பு எலும்பு தேய்ந்துபோன பிறகு அண்ணனுக்கு அதன் முன்னால் கிடந்த நாற்காலிதான் உலகம். என் மனைவி என்னை விட்டுப் போன பிறகு நான் அவரோடு வந்து தங்கினேன். சமையலும் கடைகண்ணியும் என் பொறுப்பு. டில்லியும்தான். டில்லி எங்கள் நாய். ஒல்லியான விப்பெட் இனம், வயதானவள்.

மார்ச்சில் கணப்பு தகராறு செய்யத் தொடங்கியது. குமிழை அழுத்திப் பிடித்தால் பொறி தட்டும், சிறு சுடர் பிடிக்கும், பிறகு முழுத் தீயும் வரும். ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிக்கும்வரை ஒழுங்காக எரியும். அப்புறம் சுடர் மஞ்சளாகி, தடுமாறி, டப்பென்று அணைந்துவிடும். நான் மறுபடி முட்டி போட்டுக் குமிழைப் பிடிக்க வேண்டும்.

வேலைக்காலம் முழுவதையும் நான் பள்ளிக்கூடத்துப் பராமரிப்பாளனாகக் கழித்தவன். வகுப்பறைகளைச் சூடாக்க என் கையில் இருந்த கொதிகலன் எந்தக் குளிர்காலத்திலும் நின்றதில்லை. அதனால் இதை நானே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். சிலந்தி வலையைத் தூரிகையால் எடுத்தேன். பொறி தட்டும் பேட்டரியை மாற்றினேன். குழாயின் வாயைத் துடைத்தேன். ஒவ்வொரு முறையும் எரிந்தது. ஒவ்வொரு முறையும், நான் எழுந்து கையைத் துடைத்துக்கொள்ளும் நேரத்தில் அணைந்தது.

அண்ணன் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"டேய் ரால்ஃப், அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாம் எப்படிடா விறைச்சுப் போகாம தப்பிச்சாங்க?"

அடுத்த வீட்டு ஐவி டாட்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேக் கொண்டுவந்தபோது அவர் அவளை உட்காரச் சொன்னார். "இரு ஐவி, போயிடாதே. இப்ப முட்டி போடுவான் பாரு. சர்ச்சுல கூட இவ்வளவு பக்தியா யாரும் போடறதில்ல."

"சும்மா இரு கட்பர்ட், பாவம் அவன்," என்றாள் ஐவி. ஆனாலும் சிரித்தாள். நான் முட்டி போட்டேன். வேறு என்ன செய்வது? குளிராக இருந்தது.

அண்ணன் கெட்டவர் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தன் வீட்டில் எனக்கு இடம் கொடுத்தவர்.

புனித வெள்ளிக்கு முந்தைய நாள் கேஸ் பழுது பார்க்கும் பெண்ணை வரவழைத்தேன். கிர்ஸ்டி என்று பெயர். அண்ணன் இடுப்பைக் காட்ட ஆஸ்பத்திரி வண்டியில் போயிருந்தார். கிர்ஸ்டி கணப்பைப் பற்றவைத்தாள், அது அணையும்வரை பொறுமையாகப் பார்த்தாள், பிறகு தெருவுக்குப் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தாள். எங்கள் புகைபோக்கியின் மேல் இரண்டு ஜாக்டா காகங்கள் சுள்ளியோடு உட்கார்ந்திருந்தன.

"கணப்புல ஒரு கோளாறும் இல்ல சார்," என்றாள். "அது ரொம்ப ஒழுங்கா வேலை செய்யுது. காகம் உள்ள கூடு கட்டி அடைச்சிருச்சு. புகை மேல போகாம ரூமுக்குள்ளயே திரும்புது. காத்து கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சதும் கணப்பு தன்னையே அணைச்சுக்குது. இத்தனை நாளா உங்களக் காப்பாத்திட்டிருந்தது இதுதான்."

சுவரில் காற்றுக்காக விட்டிருந்த துளையில் அண்ணனின் கறுப்பு வெள்ளைக் கால்பந்து மஃப்ளர் திணிக்கப்பட்டிருந்தது. குளிர் வருகிறதென்று எங்கள் தெருவில் எல்லோருமே அதை எதையாவது வைத்து அடைப்பார்கள். கிர்ஸ்டி மஃப்ளரை உருவி எடுத்தாள்.

"கூட்டை எப்ப எடுப்பீங்க?"

"முட்டை இட்டிருக்கும் சார். குஞ்சு பறக்கிற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது, சட்டம். கோடை முடியட்டும். அதுவரைக்கும் இதைத் தொடவே தொடாதீங்க. இதுல வர்ற விஷத்துக்கு வாசனை கிடையாது. தூங்குறவங்க கன்னம் சிவந்து தூங்கிட்டே இருப்பாங்க, எந்திரிக்க மாட்டாங்க."

கேஸை மூடி, கணப்பின் மேல் ஒரு சிவப்பு அட்டையை மாட்டினாள். வண்டியிலிருந்து ஒரு மின்சாரக் கணப்பை எடுத்து வந்து, கோடை முடியும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தாள். நல்ல பெண். அவள் மேல் எந்தத் தவறும் இல்லை.

மின்சாரக் கணப்பை மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் வைத்தேன். மின்சாரச் சூட்டில் அண்ணனுக்கு மூக்கு வறண்டுபோகும் என்று தோன்றியது. அவரிடம் கேட்கவில்லை.

நடந்ததை ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஒரு சின்னப் பெண் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்னதை நான் ஒரு மாதமாக முட்டி போட்டும் கண்டுபிடிக்கவில்லை என்பார். ஐவியிடம் சொல்வார். ஆஸ்பத்திரி வண்டிக்காரரிடம்கூடச் சொல்வார். கோடை முடியும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார்.

அவர் திரும்பி வந்ததும் கேட்டார். "என்னடா, வந்தாளா அவ? என்ன சொன்னா?"

"சின்னக் கோளாறுதான் அண்ணே. நானே பாத்துக்குறேன்னு சொல்லிட்டேன்."

"நீயா? அப்ப போர்வையை எடுத்துட்டு வா."

மறுநாள் காலையில் சிவப்பு அட்டையைக் கழற்றி, கேஸைத் திறந்துவிட்டேன். கணப்பைத் தானாக அணையவிடாமல் நான் செய்ததை உங்கள் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள், அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். பற்றவைத்தேன். தேநீர் குடித்து முடித்தோம். எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு கோப்பை ஊற்றினேன். அப்போதும் எரிந்தது.

அண்ணன் தீயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பரவாயில்லடா. நின்னு எரியுதே."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே நல்ல வார்த்தை அது. பிறகு, "எங்கேருந்தோ காத்து வருது, என் மஃப்ளர் எங்கடா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். கைத்தடியால் அவரே துளைக்குள் திணித்தார். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். புகைபோக்கியை அடைத்தது காகம், துளையை அடைத்தது அவர். பழுது பார்த்தது மட்டும்தான் நான்.

புனித வெள்ளியில் உருளைக்கிழங்கு நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். முளைவிட்ட கிழங்குகளை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடியில் இருக்கும் என் தோட்டத் துண்டுக்குப் போனேன். முன்னறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போனேன், சூடு வெளியே போகாமல் இருக்க. மழை பெய்துகொண்டிருந்தது. மழையில் நடுவது மண்ணுக்கு நல்லதில்லை, ஆனாலும் எல்லா வரிசையையும் நட்டு முடித்தேன். பிறகு அங்கிருக்கும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன்.

ஐவி மதியம் பன் கொண்டுவந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். கன்னமெல்லாம் சிவந்து, பார்க்கவே தெம்பாகத் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று திரும்பிவிட்டாளாம். அதைச் சொல்லி இப்போதும் அழுகிறாள். அவளிடம் சொல்லுங்கள், கதவைத் தட்டியிருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது.

நான் திரும்பியபோதும் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. சுடர் மஞ்சளாக இருந்தது, ஆனால் அணையவில்லை.

கடைசியாக டில்லியைப் பற்றிக் கேட்டீர்கள். உண்மைதான், மழை என்றால் அவள் வாசலைத் தாண்டமாட்டாள். தோட்டத்துக்கு அவளை நான் ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. அன்றும் அண்ணனின் காலடியை விட்டு எழுந்திருக்க மறுத்தாள். கோட்டுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு மட்டும் ஏன் என்றால், பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவளுக்கு வயதாகிவிட்டது, மார்பு பலவீனம். அந்த அறையின் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்தேன்.