கராஜ் பக்கத்துச் சுவர்

கராஜுக்குள் புட்டு அவித்தால் சுவர் வேர்க்கும். இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. கறி மணம் குளிருக்குப் போடும் கோட்டில் ஒட்டக்கூடாது என்று லண்டனில் எங்கள் ஆட்கள் பலர் வீட்டோடு ஒட்டிய கார்க் கராஜில்தான் சமைக்கிறார்கள். என் மனைவியும் அப்படித்தான். நான் நடந்துகொண்டே சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

தோர்ண்டன் ஹீத்தில் எனக்கு இன்னொரு வீடு இருக்கிறது. நாங்கள் இருக்கும் வீட்டின் அதே அமைப்பு. அதைச் சிவரூபினி என்ற பெண்ணுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தேன். தன் மகள் லக்‌ஷிகாவுக்குத் தொய்வு, குளிரில் மூச்சு இழுக்கும் என்று வந்த அன்றே சொன்னாள். கராஜில் புட்டு, இடியப்பம் அவித்து ஓர்டருக்குக் கொடுப்பாள்.

என் வேலை சுவர்களைக் கொம்பியூட்டருக்குள் கட்டுவது. ஒரு பக்கம் சூடான அறை, மறுபக்கம் ஹீட்டர் இல்லாத கராஜ். நடுவில் உள்ள செங்கல்லில் ஈரம் எப்படி ஊறும், எப்போது பூஞ்சணம் பிடிக்கும் என்று கணக்குப் போடுவேன். கராஜ் என்றால் வெறும் குளிர் என்றுதான் அலுவலகத்தில் வைத்துக்கொள்வார்கள். நான் புட்டு நீராவியையும் சேர்த்தேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னை அரித்துக்கொண்டே இருந்தது. காட்டுவதற்கு உண்மையான சுவர் ஒன்று வேண்டியிருந்தது.

சிவரூபினி வீட்டில் கராஜ் பக்கத்துச் சுவருக்குள் ஈரம் அளக்கும் சென்சர் வைத்தேன். பிள்ளையின் கட்டில் அந்தச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கணக்கிலும் அப்படியே போட்டேன். தை மாதம் கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுக்கும் என்று திரை காட்டியது. கறுத்தது.

“அண்ணை, பிள்ளை ஒரே இருமுறாள். கட்டிலை அங்கால போடட்டோ?”

“வேண்டாம் தங்கச்சி. அதிலயே கிடக்கட்டும். சுவரையும் துடைக்க வேண்டாம். நான் வந்து பாக்கிறன்.”

“ஓம் அண்ணை.”

போய்ப் பார்த்தேன், சென்சரை. கட்டிலை நகர்த்தினால் காற்றோட்டம் மாறிவிடும், சென்சர் வரையும் கோடு குழம்பிவிடும். நான் எதிலும் கை வைக்கவில்லை, அதைக் கவனியுங்கள். ரயிலிலும் போனைத் திறந்து திறந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் லக்‌ஷிகா ஆஸ்பத்திரியில் இறந்தாள். செத்த வீட்டில் சிவரூபினி என் கையைப் பிடித்து, “நீங்கள் சொன்னபடிதானே அண்ணை செய்தனான்” என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. வெளியே வந்து போனைப் பார்த்தேன். அளந்த கோடு, நான் கணித்த கோட்டின் மேலேயே கிடந்தது.

பிள்ளையை அந்தச் சுவரோடு கிடத்தி வைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் திரையில் தெரிகிற கறுப்பால் ஒரு பிள்ளை சாகும் என்று யார் நம்புவார்கள்? வெறும் கொம்பியூட்டர் படம். அது முதன்முதலில் கறுப்பைக் காட்டிய அன்று நான்கூடப் பெரிதாக எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், என் மகள் கம்சிகாவின் கட்டிலைக் கராஜ் பக்கத்துச் சுவரிலிருந்து இழுத்து மற்றப் பக்கம் போட்டுவிட்டுப் படுத்தேன்.