பேர்தான் ஒண்ணுக்கு

உங்கள் காவல் நிலையத்துக் கழிவறை படு சுத்தம், ஐயா. முதலில் அதைச் சொல்லிவிடவேண்டும். முப்பது வருஷமாகத் தையல் ஆலையில் மேற்பார்வையாளன் நான். இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது. என் தளத்தில் இருநூறு பெண்கள். ஒண்ணுக்குப் போகவேண்டும் என்றால் என்னிடம் அட்டை வாங்கவேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு. ஒருத்தியும் செத்துப்போகவில்லை.

அப்பா என்னோடு தங்க வந்த முதல் நாளே பதினாலு தடவை எழுந்து போனார். பேர்தான் ஒண்ணுக்கு, போவது பதினாலு. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"வயசானா மூத்திரப்பைத் தசை விறைச்சுப் போயிடும். முன்ன மாதிரி விரியாது, சரியா சுருங்காது. எத்தனை தடவை போறார்னு ஒரு வாரம் எழுதிட்டு வாங்க" என்றார்.

எழுதச் சொன்னால் குறைக்கச் சொல்கிறார் என்றுதானே அர்த்தம்? ஆலையில் எதை எண்ணினாலும் அதற்குத்தான் எண்ணுவோம். கழிவறைக்குப் பூட்டுப் போட்டேன். முதல் நாள் அப்பாவுக்குப் பத்து அட்டை. தினம் இரண்டு குறைத்தேன். தண்ணீர் காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். துணி நனைந்தால் அதுவும் கிடையாது.

"டேய், அடக்க முடியலடா. அடிவயிறு கல்லா இருக்குடா" என்று கெஞ்சினார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

"பெத்தவருங்க, பாவம், திறந்து விடுங்க" என்று மனைவி குறுக்கே வந்தாள். அவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

ஆறாம் நாள் அட்டையே இல்லை. அப்பா கழிவறை வாசலில் உட்கார்ந்திருந்தார். வயிறு உப்பி, உடம்பு அனலாகக் கொதித்தது. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. மதியம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். 'டேய்' போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "சார், ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறேன், சார்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. எண்பது வயதில் அந்தப் பணிவு யாருக்கு வரும்? "நாளைக்குத் தர்றேன்ப்பா" என்றேன், அன்பாகத்தான்.

பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: மனிதர் திருந்திய பிறகுதான் போனார்.